‘ஹெக்லர்’ கலகக்காரரா?

மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் எழுகிறது. பேச்சு ஒரு கணம் தடைபடுகிறது. அந்தக் குரலுக்கு உரியவரை ஆங்கிலத்தில் ‘ஹெக்லர்’ என்பார்கள். அவர் செய்யும் செயல் ‘ஹெக்கிள்’. தேர்தல் காலத்து ஆங்கில நாளிதழ்களில் அடிக்கடி தென்படும் இச்சொல்லைத் தமிழில் தரும்போது ‘இடையூறு செய்தவர்’, ‘கூச்சலிட்டவர்’, ‘ரகளையில் ஈடுபட்டவர்’ என்று எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. மூன்றுமே காவல் நிலையக் குறிப்பேட்டின் மொழி. அந்த மனிதர் என்ன கேட்டார் என்பதை அவை சொல்வதில்லை. கேட்டதே குற்றம் என்னும் தொனியை மட்டும் சொல்லிவிடுகின்றன. அச்சொல் பிறந்த இடமோ நெசவுக்கு நார் ஆயத்தமாகும் பட்டறை. ஆரணி போன்ற ஒரு நெசவு ஊரில் அதன் கதையைச் சொன்னால், மொழிபெயர்ப்பாளருக்கு விளங்காதது தறியில் அமர்ந்திருப்பவருக்கு உடனே விளங்கும்.

முதலில் இன்றைய வழக்கைப் பார்த்துவிடுவோம். பொதுக்கூட்டத்தில் பேசுபவரை ஏளனமாகவோ முரட்டுத்தனமாகவோ இடைமறித்தல் என்பதே ஆங்கில அகராதிகள் தரும் பொருள். ஊளையிடுதல், சீழ்க்கையடித்தல், எள்ளி நகைத்தல் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஓசை போதும். ஹெக்லருக்குச் சொல் வேண்டும். பேச்சாளர் கூறியதை அவர் காதில் வாங்கியிருக்க வேண்டும். அதில் ஓர் ஓட்டையையும் கண்டிருக்க வேண்டும். மேடை நகைச்சுவைக் கலைஞர்கள் ஹெக்லரைக் கண்டு அஞ்சுவதும், அவரைச் சமாளிக்கத் தனியே பயிற்சி எடுப்பதும் இதனால்தான். நம் நாட்டு ஆங்கிலத்தில் இச்சொல் இன்னும் சற்றுச் சரிந்துவிட்டது. சட்டமன்ற உறுப்பினரின் காரை மறித்து நெருக்கித் தள்ளினாலும், அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு வசைபாடினாலும் ‘ஹெக்கிள்’ செய்தார்கள் என்றே செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். முற்றுகை என்று எழுத வேண்டிய இடத்தில் இச்சொல்லை இட்டால், கேள்வி கேட்பவரும் கைவைப்பவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

இனி அதன் பிறப்பு. லினன் துணிக்கு மூலமான ஆளிச்செடியின் தண்டை நீரில் ஊறவைத்து அழுகவிட்டு, உலர்த்தி, நொறுக்கி, தக்கையை அடித்து உதிர்த்த பிறகும் நார் ஒழுங்காக இராது; சிக்கும் சிம்புமாய்க் கிடக்கும். அதை ஒரு பிடி அளவு கையில் எடுத்து, இரும்பு முட்கள் வரிசை வரிசையாகப் பதித்த பலகையின்மீது வீசி இழுப்பார்கள். அந்த முட்பலகைதான் ‘ஹெக்கிள்’. முதலில் முட்கள் அகன்று நிற்கும் பலகை; அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் பலகைகள். குட்டையான, முறுக்கிக்கொண்ட நார்கள் முட்களில் சிக்கிப் பின்தங்கிவிடும். நீண்ட, நேரான நார்கள் பளபளவென்று கையில் மிஞ்சும். நூற்பதற்குத் தகுதியானது அதுவே. பின்தங்கிய குட்டை நாரும் வீணாவதில்லை. கயிற்றுக்கும் சாக்குக்கும் போகும். ஆக, நாரைக் கிழிப்பது இந்த வேலையின் நோக்கம் ஆகாது. எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துக் காட்டுவதே நோக்கம்.

பட்டுக்கு இந்த முட்பலகை வேண்டியதில்லை. ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஓர் இழையாகவே அது வெளிவருகிறது. ஆயினும், சிக்கெடுக்கும் வேலையிலிருந்து பட்டு நெசவாளருக்கும் விடுதலை இல்லை. கமண்டல நாகநதிக் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைக்குப் பெயர்போன ஊர். இத்தகைய ஊர்களின் நெசவுத் தெருவில், வெயில் ஏறும் முன்பே பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டுவது நெடுநாள் வழக்கம். இரண்டு மூன்று சேலைக்கு உரிய நீளம், ஆயிரக்கணக்கான இழைகள். வீட்டிலுள்ளோர் இருபுறமும் நடந்தபடியே ஒட்டிய இழைகளை விலக்குவார்கள், அறுந்ததை முடிவார்கள். அந்த வேளையில் கண்ணில் படாமல் போன ஒரு சிக்கு, தறிக்குப் போனபின் அச்சில் வந்து நிற்கும். சேலையில் குறையாக விழும். அப்போது பிரிப்பதற்கு ஆகும் பாடு பத்து மடங்கு. சிக்கைத் தெருவிலேயே, எல்லார் கண்முன்னும் பார்த்துவிடுவது நல்லது என்பது நெசவாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

பட்டறையிலிருந்து பொதுக்கூட்டத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அங்குள்ள டண்டீ நகரம் ஆளிநாராலும் சணலாலும் வாழ்ந்த ஊர். பிற்காலத்தில் நமது வங்காளத்துச் சணல்தான் அதன் ஆலைகளை ஓடவைத்தது. அவ்வூரில் நார் வாரும் தொழிலாளர்களான ஹெக்லர்கள் கைத்திறன் மிக்கவர்கள், எளிதில் பணியாதவர்கள், கூலிக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்தவர்கள். பட்டறையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, ஏனையோர் வேலை செய்தபடியே அதைக் கேட்டு இடையிடையே கேள்வியும் மறுப்புமாய் வாதிடுவார்கள் என்று அந்நகரின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். கையில் நாரை வாரும்போதே காதில் விழும் செய்தியையும் வாரிக்கொண்டிருந்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தின் தேசியக் கவியான ராபர்ட் பர்ன்ஸ்கூட 1781இல் இர்வைன் என்னும் ஊருக்கு இந்தத் தொழிலைக் கற்கப் போனவர்தாம். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் பட்டறை தீப்பற்றி எரிந்துவிட, தொழில் அவரை விட்டது, கவிதை பிழைத்தது.

நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் வேட்பாளரைப் பொதுக்கூட்டத்தில் நிறுத்திவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்பதற்கு ஸ்காட்லாந்தில் நெடுங்காலமாக வழங்கிய பெயர் ‘ஹெக்கிள்’ என்பதே. கேட்பவருக்கு அது உரிமை. வேட்பாளருக்கு அது தேர்வு. பின்னர்தான் சொல் தெற்கே இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவி, தன் கண்ணியத்தை வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்தது. நார் வாரும் வேலைக்கு இயந்திரங்கள் வந்து, டண்டீயின் ஹெக்லர்களும் மறைந்துபோனார்கள். ஜெர்மன் மொழியிலும் அதே முட்பலகையின் பெயரிலிருந்து, ஒருவரைப் பற்றி அலசிப் பேசுதல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் உண்டு. அங்கே அது முதுகுக்குப் பின்னால் பேசுவதாகிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

இப்படியொரு சொல்வழி தமிழுக்குப் புதிதன்று. ‘பன்னுதல்’ என்றால் பஞ்சைப் பிரித்துப் பதப்படுத்துதல். பேசுதல் என்றும் பொருள். ஆராய்தல் என்றும் பொருள். பஞ்சு, நூல், நூலாகிய புத்தகம் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும் ‘பனுவல்’ அதனோடு சேர்ந்த சொல். நூல் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டு விரிவாகவே பேசுகிறது நன்னூலின் பாயிரம். ஆனால், நாம் தேடும் பொருளுக்கு இவற்றைவிட நெருக்கமானவை பேச்சு வழக்கில் இருக்கின்றன. ‘துருவித் துருவிக் கேட்டார்’ என்கிறோம். தேங்காயைத் துருவுவதற்கும் அதே வினைதான். அங்கும் ஓர் இரும்புப் பல் இருக்கிறது. ‘குடைந்து குடைந்து கேட்டார்’ என்கிறோம். ‘ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்’ என்கிறோம். இவற்றில் எதிலும் ரகளையின் வாடை இல்லை. கேட்டவரின் கூர்மைமீது ஒரு மதிப்பே தொனிக்கிறது. ஹெக்லருக்கு நேரான தமிழ்ச் சொல்லைக் கலைச்சொல் அகராதிக் குழுவிடம் கேட்பதைவிட டீக்கடையில் கேட்பது மேல்.

பழைய மரபும் இதற்கு ஒத்தே நிற்கிறது. திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அவையில் அஞ்சாது மறுமொழி தரும்பொருட்டே இலக்கணத்தையும் அளவை நூலையும் கற்க வேண்டும் என்பது அதில் ஒரு குறளின் கருத்து. மறுமொழி என்றால், அதற்கு முன் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். அவை கேட்கும் என்று வள்ளுவர் எடுத்துக்கொள்கிறார். கேட்காத அவையை அவர் நினைத்தே பார்க்கவில்லை போலும். உரையாசிரியர்களும் தடையை எழுப்பி விடை சொல்லியே பொருளை நிறுவினார்கள். சங்கத்தில் தருமி கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் கண்டு இடைமறித்த நக்கீரரைப் பற்றிய கதை எல்லார்க்கும் தெரிந்ததே. கதைதான், ஆனால், பாட்டின் பின்னால் இறைவனே நின்றாலும் கேள்வி கேட்பவன் பின்வாங்கக் கூடாது என்று ஒரு சமூகம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை. மெய்யான ஹெக்லர் ஒருவரைக் காட்டச் சொன்னால் நக்கீரரைக் காட்டலாம். அவர் பாட்டைக் கூச்சலால் அமுக்கவில்லை. அதில் ஓர் இழையைச் சுட்டினார்.

அப்படியானால் நம் பொதுமேடையில் கேள்வி ஏன் அரிதாயிற்று? அந்த மேடை எப்படி உருவானது என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. தெருவிலும் திடலிலும் கூடிய பலதரப்பட்ட மக்களை நோக்கி ஒருவர் நின்று தமிழில் நெடுநேரம் பேசும் முறை அத்தனை பழையதன்று. கிறித்தவ மறையுரைகளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைக் கோயிலில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். தமிழ்ப் பேச்சுக்கலையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலர் பெர்னார்ட் பேட், நவீனத் தமிழ் மேடையின் வேரை இங்குதான் காண்கிறார். மறையுரையில் கேட்பவர் இடைமறிப்பதில்லை. கேட்டுக்கொள்வதே அங்கே பண்பு.

இந்த வடிவம் அரசியலுக்கு வந்த வழியில் ஒரு நெசவாலையும் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய இடம் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை. அதை நடத்திவந்த செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் முயன்று, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர். அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் தந்தார், தாமும் பேசினார். ஆலைத் தொழிலாளி தன் வாழ்க்கையைப் பற்றித் தன் மொழியில் ஒருவர் மேடையேறிப் பேசக் கேட்டது பெரிய மாற்றம். ஆனாலும் அமர்ந்து கேட்கும் ஒழுங்கு சமயச் சபையிலிருந்து வந்ததாகவே இருந்தது. டண்டீயில் நார் வாரியவர்கள் தாங்களே படித்துத் தாங்களே வாதிட்டார்கள். பெரம்பூரில் ஒருவர் சொல்லப் பலர் கேட்டார்கள். இது யாருடைய குறையும் அன்று. எழுத்தறிவு சிலருக்கே கிட்டிய நாட்டில் மேடைதான் பள்ளிக்கூடம்.

விதிவிலக்குகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. பெரியார் கூட்டங்களில், கேட்போர் சீட்டில் எழுதித் தரும் கேள்விகளுக்கு அவர் மேடையிலேயே விடை சொல்வதுண்டு. 1943இல் கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணா சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் ஒரே மேடையில் வாதிட்டார். எதிர்த்தரப்பைத் தம் எதிரிலேயே நிறுத்திப் பேசும் துணிவு அது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953இல் கைத்தறித் துணி தேங்கியபோது அதைத் தெருவில் சுமந்து விற்றதும், மேடைக்குக் கீழேயும் பேச்சு இருக்க வேண்டும் என்னும் அந்தக் காலத்து உணர்வின் பகுதியே. பிறகு ஒலிபெருக்கியின் வலிமை கூடிற்று. மேடையின் உயரமும் கூடிற்று. இடையில் தடுப்புக் கம்பிகள் வந்தன. கேட்போரின் பங்கு கைதட்டலாகச் சுருங்கிற்று. அலங்காரப் பேச்சைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால், அதைத் துருவ ஆளில்லாமற் போனதில் வருத்தம் உண்டு.

சரியான இடத்தில் எழும் ஒரு கேள்வி எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு ஒரு சான்று. 1905 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் லிபரல் கட்சிக் கூட்டம். பேசியவர் சர் எட்வர்டு கிரே. பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும், பார்வையாளரிடையே இருந்து ஆனி கென்னி என்னும் இளம்பெண் எழுந்து, லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு வாக்குரிமை தருமா என்று கேட்டார். ஆனி கென்னி பத்து வயதில் பருத்தி ஆலை வேலைக்குப் போனவர். அங்கே இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவர். உடனிருந்த கிறிஸ்டபெல் பேங்கர்ஸ்ட்டும் அதே கேள்வியை எழுப்பினார். விடை இல்லை. எழுதித் தந்தார்கள், அதற்கும் விடை இல்லை. மீண்டும் கேட்டபோது இருவரும் வெளியே இழுத்துச் செல்லப்பட்டார்கள். காவலர் ஒருவரிடம் கிறிஸ்டபெல் நடந்துகொண்ட விதம் நாகரிகமானதன்று. சிறைக்குப் போக வேண்டும் என்றே அவர் அப்படிச் செய்தார். அபராதம் கட்ட மறுத்து இருவரும் சிறை சென்றனர். மறுநாள் முதல் நாடெங்கும் பேச்சு அதைப் பற்றியே. அன்று மேடையில் இருந்தவர் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்லியிருந்தால் கூட்டம் அமைதியாகக் கலைந்திருக்கும். விடை தராத மேடைதான் கேள்வியை ஹெக்கிளாக மாற்றுகிறது.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். 1944இல் கடலூரில் பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது. அதே ஊரில் அவருக்குப் பிற்பாடு சிலை எழுந்தது. செருப்பு வீசுவது ஹெக்கிள் ஆகாது. அதில் கேள்வியும் இல்லை, கேட்டதற்கான அடையாளமும் இல்லை. இதைவிட நுட்பமான கேடு இன்னொன்று. கூச்சலிடுவோம், கலவரம் செய்வோம் என்று சிலர் மிரட்டியதற்காகப் பேச்சையே அரசு தடைசெய்துவிடுவது. அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் இதற்கு ‘ஹெக்லரின் வீட்டோ’ என்று பெயரிட்டார்கள். இடைமறிப்பவரிடமே தடையாணை போடும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுதல் என்பது பொருள். நம் உச்ச நீதிமன்றம் இதை எதிர்கொண்ட வழக்குகளில் முதன்மையானது ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 1989 மார்ச் 30 அன்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்னும் அச்சத்தைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலாது என்று அரசு கைவிரிக்கவும் முடியாது. ஆபத்து, வெடிமருந்தில் விழும் பொறிபோல நேரடியாக இருந்தாலன்றித் தடை கூடாது என்பது அதன் சாரம். அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்போடு முழு உடன்பாடு உண்டு. கேள்வி கேட்கும் உரிமை, பேசுபவர் பேசி முடிக்கும் உரிமையின் மேல்தான் நிற்கிறது. நார் கையில் இல்லாமல் முட்பலகைக்கு வேலை ஏது?

தேர்தல் கூட்டங்களைப் பொறுத்தவரை சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, கூட்டம் கூட்டப்பட்ட காரியம் நடவாமல் தடுக்கும் நோக்கத்துடன் ஒழுங்கீனமாக நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் ஒருவர் ஒரு கேள்வி கேட்பதால் கூட்டம் நடவாமற் போகாது. தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளோ இன்னொரு படி போகின்றன. ஒரு கட்சியின் தொண்டர்களோ ஆதரவாளர்களோ, இன்னொரு கட்சியின் கூட்டத்தில் வாய்மொழியாகவோ எழுத்திலோ கேள்விகள் கேட்டுக் குழப்பம் விளைவிக்கக் கூடாது என்று அவற்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் எதற்கு இச்சொல் பிறந்ததோ, அதை நம் நடத்தை விதி குழப்பத்தின் வடிவங்களுள் ஒன்றாக வைக்கிறது. காரணம் விளங்காமல் இல்லை. எதிர்க்கட்சிக்காரர் கேள்வி என்ற பெயரில் கும்பலோடு வந்தால் நம் ஊரில் அது கைகலப்பில் முடியும் என்பது அனுபவம். எனினும், அந்த விதி கட்டுப்படுத்துவது மாற்றுக் கட்சியினரைத்தான். எக்கட்சியையும் சாராத வாக்காளரை அன்று. நடைமுறையிலோ, கையை உயர்த்துபவர் எவராயினும் ‘எந்தக் கட்சிக்காரன் நீ’ என்ற எதிர்க்கேள்வியோடு அமர்த்தப்படுகிறார்.

அதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஆரணியையே எடுத்துக்கொள்வோம். 2009 முதல் அது ஒரு மக்களவைத் தொகுதியின் தலைமை ஊர். வேட்பாளராக வருபவர் எவரும் நெசவாளர் வாழ்வு மலரும் என்று சொல்லாமல் போவதில்லை. நெசவாளரின் செலவில் பெரும்பங்கு கச்சாப் பட்டின் விலை. அந்த விலையை நிர்ணயிக்கும் காரணிகளில் ஒன்று இறக்குமதித் தீர்வை. 2021ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, கச்சாப் பட்டு மீதும் பட்டு நூல் மீதும் தீர்வையைப் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்திற்று. சீனப் பட்டோடு போட்டியிட வேண்டிய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பட்டுக்கூடு விவசாயிக்கு அது பாதுகாப்பு. தறியில் இருப்பவருக்கு அது சுமை. விவசாயிகள் கூட்டத்தில் கூட்டுக்கு நல்ல விலை தருவோம் என்பதும், நெசவாளர் கூட்டத்தில் பட்டு நூல் விலையைக் குறைப்போம் என்பதும் தனித்தனியே கேட்டால் இனிமையான இரண்டு வாக்குறுதிகள். சேர்த்து வைத்தால் ஒரு சிக்கு. அரசு மானியம் தந்து இடைவெளியை நிரப்பும் என்றால் அந்த மானியம் யாருக்கு, எவ்வளவு, எந்த வரவிலிருந்து? மேடையில் இருப்பவர் விடை வைத்திருக்கலாம். ஆனால், யாரும் கேட்காதவரை அவர் அதைத் தேடவேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு கேள்வியும் அங்கேயே இருக்கிறது. கைத்தறிக்கென 1985இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சில குறிப்பிட்ட வகைச் சேலைகள் உள்பட 11 வகைப் பொருட்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று அது ஒதுக்கிவைத்திருக்கிறது. ‘கைத்தறியைக் காப்போம்’ என்று சொல்பவரிடம், இச்சட்டத்தின்கீழ் ஆய்வு செய்யும் அலுவலர்கள் இம்மாவட்டத்தில் எத்தனை பேர், கடந்த ஆண்டு எத்தனை வழக்குகள் பதிவாயின என்று கேட்கலாம். அதே வேட்பாளர் விசைத்தறி உரிமையாளரிடமும் வாக்குக் கேட்டிருப்பார். இக்கேள்வியில் ஏளனமும் இல்லை, வசையும் இல்லை. ஆனால், இது எழுந்த கணமே பேச்சின் ஓட்டம் நின்று, சொன்னதில் நீண்ட இழை எது, குட்டை நார் எது என்பது எல்லார்க்கும் தெரிந்துவிடும்.

மேடை இறங்கி வந்து கேள்வி கேட்கச் சட்டமே இடம் தந்திருக்கும் களங்களும் இருக்கின்றன. கிராம சபையைப் பலரும் அறிவர். நகராட்சிகளுக்கு அதைப் போன்ற பகுதி சபைகள் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள வாக்காளர்கள் உறுப்பினர் முன்னிலையில் குறைகளைச் சொல்ல வகைசெய்யும் ஏற்பாடு. அங்கே பந்தல் சிறியது. ஒலிபெருக்கியும் பெரிதாக வேண்டியதில்லை. எழுந்து நின்று கேட்பவரைக் கலகக்காரர் என்று எழுத எந்த நாளிதழுக்கும் தோன்றாது. சாயத் தண்ணீர் எங்கே போகிறது, தறிக்குழிக்குள் மழைநீர் ஏறுவதைத் தடுக்கக் கால்வாய்க்கு ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்பன போன்ற கேள்விகளுக்கு அதுவே இடம். அங்கே கேட்டுப் பழகிய நாக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய மேடையின் முன்னும் அத்தனை எளிதில் ஒட்டிக்கொள்ளாது.

செய்தி எழுதுவோருக்கு ஒரு சொல். அடுத்த முறை ஒரு கூட்டத்தில் யாரேனும் எழுந்து நின்று எதையேனும் கேட்டால், ‘ரகளை’ என்னும் சொல்லை எடுப்பதற்கு முன் அவர் கேட்டது இன்னதென்று ஒரு வரி எழுதலாம். அதற்கு மேடை சொன்ன விடையை இன்னொரு வரியில் எழுதலாம். விடை வரவில்லையென்றால் அதையும்.